நான் பாதி கெடுத்த இறுதியாட்டம்

புதிதாக விசில் வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பயிற்சி முகாமுக்கு ஒரு மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வயதுக்காரர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. நேரம் தவறாமை, நேர்மை, உடல்தகுதி. உடல்தகுதி பற்றி எழுதியவரை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசிப் பத்து வருஷம் அவர் நடுக்கோட்டைத் தாண்டி ஓடி நான் பார்த்ததில்லை. எனவே நல்ல வார்த்தைகளை அவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

தஞ்சாவூர் வட்டாரத்தில் முப்பது வருஷம் கூடைப்பந்து நடுவராக ஓடியிருக்கிறேன். என்னை யாராவது ஞாபகம் வைத்திருந்தால் அது ஒரே ஒரு ஆட்டத்துக்காகத்தான். அந்த ஆட்டத்தின் முதல் பாதியைக் கெடுத்தது நான். அதை எழுதுகிறேன். உங்களுக்கு உபயோகப்பட்டால் சரி. படாவிட்டால் உடல்தகுதிக் கட்டுரையைப் படித்துக்கொள்ளுங்கள்.

பட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரி மைதானத்தில் பெண்கள் கல்லூரிகளுக்கான போட்டி. திறந்தவெளிச் சிமெண்டுத் தளம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு. மாசி மாதத்து வெயில். இறுதியாட்டத்தில் ஒரு பக்கம் சென்னையிலிருந்து வந்த பெரிய பல்கலைக்கழக அணி. அந்தக் கோப்பையை அவர்கள் ஒவ்வொரு வருஷமும் வந்து எடுத்துக்கொண்டு போவது, நாம் ரேஷன் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வருவது மாதிரி. ஏசி பஸ், பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே நிறத்தில் பை, கால் பிடித்துவிட ஒரு பெண்மணி, தண்ணீர்கூடச் சொந்தத் தண்ணீர். அவர்களுடைய நட்சத்திரம் நிவேதா. ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பந்தோடு ஓடி வந்தால் எதிரில் இருப்பவர்கள் தாமாகவே விலகி வழிவிடுவார்கள்.

இன்னொரு பக்கம் வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்னக் கல்லூரி. ஏழு பேர். அரசுப் பஸ்ஸில், மன்னார்குடியில் மாறி, அதில் மூன்று பேர் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். முதல் சுற்றில் எதிரணி வராததால் ஜெயித்தார்கள். அடுத்ததில் எதிரணி வந்தும் ஜெயித்தார்கள். அரையிறுதியை எப்படி ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் சாப்பாட்டுப் பந்தலில் இருந்தோம்.

அவர்களுக்குப் பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது. கூட வந்தவர் ஜமீலா, பொருளாதாரம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர். நாகூர்க்காரர். பள்ளியில் ஆடிய ஆட்டத்தை மறக்காமல் வைத்திருந்து, வகுப்பு முடிந்ததும் இந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அந்தக் கல்லூரிக்கு மைதானம் இல்லை. பக்கத்தில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில்தான் ஆடினார்கள். அறுவடை வந்துவிட்டால் களம் நெல்லுக்கு. ஓரமாக விட்டுவைத்த இடத்தில் இவர்கள். அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் நெல்மணியில் பந்து சறுக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால் தட்டாமலே, கைமாற்றிக் கைமாற்றி ஆடப் பழகிவிட்டார்கள். கூடையின் வளையம் டிராக்டர் பட்டறையில் வெல்டிங் வைத்தது. பட்டறைக்காரர் கம்பியை மிச்சம் பிடித்ததில் அது ஒரு சுற்று சின்னதாகப் போய்விட்டது. அதில் ஒரு வருஷம் எறிந்து பழகியவர்களுக்குப் பட்டுக்கோட்டை வளையம் கல்யாண வீட்டு அண்டா மாதிரி தெரிந்திருக்கும். இதெல்லாம் ஜமீலா எனக்குப் பிறகு சொன்னது. ஆட்டத்துக்கு முன் நானும் கேட்கவில்லை. ஏழு பேர் வந்திருக்கிறார்கள், பாவம், என்று நினைத்ததோடு சரி.

அன்றைக்கு எனக்கு மத்தியானம் பிரியாணி. போட்டிச் செயலாளர் வேறு காதருகே வந்து, சிறப்பு விருந்தினருக்கு ஐந்தரைக்கு ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு இருக்கிறது, கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார். ஆட்டத்தை நடுவர் எப்படிச் சீக்கிரம் முடிக்க முடியும் என்று நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையாட்டினேன்.

இந்த மலரை வேறு யாராவது புரட்டினால் புரியட்டும் என்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பந்தோடு ஓடி வருகிறவள், ஏற்கெனவே வந்து நிற்கிறவள் மேல் மோதினால் குற்றம் ஓடி வந்தவளுடையது. அதற்கு சார்ஜ் என்று பெயர். நிற்க வேண்டியவள் கடைசி நொடியில் குறுக்கே நகர்ந்தால் குற்றம் நகர்ந்தவளுடையது. அது பிளாக். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கண் இமைக்கும் நேரம். நம் தொழிலில் வாங்கும் திட்டில் பாதி அந்த நேரத்துக்கானது.

ஆட்டம் தொடங்கி மூன்று நிமிஷம். நிவேதா பந்தோடு உள்ளே வந்தாள். வலங்கைமான் அணித் தலைவி சுகன்யா, நிவேதாவின் தோளுயரம்கூட இல்லாத பெண், குறுக்கே வந்து இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றாள். மோதல். சுகன்யா மல்லாக்க விழுந்தாள், பந்து கூடைக்குள் விழுந்தது. நான் விசிலை ஊதி, சுகன்யாவைக் காட்டினேன். பிளாக். கூடை செல்லும், மேற்கொண்டு யாரும் தடுக்காமல் எறிய ஒரு ஃப்ரீ த்ரோ, அதுவும் உள்ளே. மூன்று புள்ளி.

ஏன் அப்படிக் காட்டினேன்? நான் பார்த்ததை வைத்து அல்ல. நிவேதாவைப் போன்ற ஒருத்தி இந்த மாதிரிப் பெண்ணின் மேல் தப்பாக மோத மாட்டாள் என்று கை தானாகவே முடிவு செய்துவிட்டது. இரண்டாவது கால் பகுதியில் அதே மாதிரி இன்னொன்று. கூடை விழவில்லை, இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் உள்ளே. நடுவில் உண்மையாகவே சுகன்யா செய்த ஃபவுல் ஒன்று. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டிய ஆட்டத்தில், பாதி ஆட்டத்திலேயே அவள் பெயருக்கு மூன்று.

ஆனாலும் ஒன்பது புள்ளிதான் வித்தியாசம். அது ஏன் முப்பதாக இல்லை என்று யோசித்திருந்தால் அப்போதே எனக்கு விழிப்பு வந்திருக்கும்.

இடைவேளையில் சுகன்யா என்னிடம் வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அணித்தலைவிக்கு நடுவரிடம் மரியாதையாகக் கேட்கும் உரிமை உண்டு. அவள் நம் எல்லோரையும்விட மரியாதையாகக் கேட்டாள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க சார். நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னும் எவ்வளவு நேரம் முன்னாடி வந்து நின்னா, நின்னதா எடுத்துக்குவீங்க? சொன்னீங்கன்னா நான் அதுக்குத் தகுந்த மாதிரி கிளம்பி வந்துடுவேன்.”

கிண்டல் இல்லை. நிஜமாகவே நேரம் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது நடுவரோட முடிவும்மா, போய் தண்ணி குடி” என்றேன். பதில் தெரியாதபோது பதவியைக் காட்டுவது நம் தொழிலில் தொன்றுதொட்டு வரும் பழக்கம்.

என்னோடு அன்றைக்கு ஊதிய இரண்டாவது நடுவர் என்னைவிட இருபது வயது இளையவர். திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெயரைப் போட்டால் தன்னை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதால் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரிடம் டீ டம்ளரை நீட்டி, அந்த இரண்டு பிளாக்கும் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருந்தது சார் என்று சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் கேட்டேன்.

“ரெண்டுமே சார்ஜ் சார்” என்றார்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் சீனியர், கேட்காமல் சொன்னால் என்ன நினைப்பீர்களோ என்று இருந்தது என்றார். பிறகு டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து இன்னொன்று சொன்னார்.

“இப்ப அந்தப் பொண்ணுக்கு ஏதாவது குடுத்து ஈடுகட்டணும்னு உங்களுக்குத் தோணும். செய்யாதீங்க சார். நீங்க செஞ்சது ரெண்டு தப்பு. ஈடுகட்டினா மூணு.”

நான் அந்த நொடியில் சரியாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ சர்வீஸில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பாடம் எடுத்ததில்லை. டீயும் ஆறிப்போயிருந்தது.

மூன்றாவது கால் பகுதியில் நான் சட்டை நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கால்களைப் பார்த்தேன். கால்களைப் பார்த்தால் ஆட்டமே வேறாக இருந்தது. வலங்கைமான் பெண்கள் பந்தைத் தரையில் தட்டுவதே இல்லை. வாங்கினவள் அடுத்த மூச்சுக்குள் கொடுத்துவிடுகிறாள். சென்னைப் பெண்கள் பந்தைத் துரத்தி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அது அந்தப் பக்கம் போய்விடுகிறது. உள்ளரங்கத்து மரத்தரையில் ஆடிப் பழகியவர்கள், மூன்றரை மணி வெயிலில் வெந்த சிமெண்டில் அப்படித் துரத்தினால் என்ன ஆகும்? அவர்களுடைய சொந்தத் தண்ணீர் தீர்ந்துபோய்க் கல்லூரிக் குழாய்க்கு ஆள் அனுப்பினார்கள்.

நிவேதா மறுபடி உள்ளே வந்தாள். சுகன்யா மறுபடி வந்து நின்றாள். மறுபடி மோதல். இந்த முறை நிவேதாவைக் காட்டினேன். சார்ஜ்.

சென்னைப் பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து எழுந்து கோடு வரைக்கும் வந்துவிட்டார். முதல் பாதியில் ஒரு ரூல், இரண்டாம் பாதியில் ஒரு ரூலா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் உட்காருங்கள் என்று கை காட்டினேன். அந்த மனிதர் என்னிடம் கேட்டதிலேயே சரியான கேள்வி அது ஒன்றுதான் என்பதை அவருக்குச் சொல்ல அப்போது எனக்குத் தைரியம் இல்லை.

வித்தியாசம் ஏழானது, நாலானது. மதிலுக்கு அந்தப் பக்கம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களில் யாருக்கும் கூடைப்பந்து தெரியாது. ஏழு பேர் பன்னிரண்டு பேரை அடிக்கிறார்கள் என்பது புரிந்தது, அது போதும். ஏழிலும் ஒருத்தி கணுக்கால் பிசகி உட்கார்ந்தாள். நாலாவது கால் பகுதியில் இன்னொருத்தி ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே போனாள். மிச்சம் ஐந்து பேர். சுகன்யாவுக்கு நாலாவது ஃபவுல்.

கடைசி எட்டு நொடி. சென்னை இரண்டு புள்ளி முன்னால். வலங்கைமான் கையில் பந்து. ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு, அங்கிருந்து சுகன்யாவுக்கு, அவளிடமிருந்து வலது ஓரத்தில் ரேவதிக்கு. ரேவதி மெலிந்த பெண், அந்த அணியில் தூரத்திலிருந்து எறிகிறவள் அவள்தான். மூன்று புள்ளிக் கோட்டருகே நின்று எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்து சைரன் ஒலித்தது. பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே இறங்கியது.

மூன்று புள்ளி என்றால் ஒரு புள்ளியில் வெற்றி. சுவரில் இருந்தவர்கள் எல்லோரும் உள்ளே குதித்துவிட்டார்கள். புள்ளி எழுதுகிற மேஜையில் பையன்கள் பலகையை மாற்றக் கை நீட்டிவிட்டார்கள். ஜமீலா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார்.

எறிபவள் காலைப் பார்க்க வேண்டியது என் வேலை. பார்த்தேன். ரேவதி போட்டிருந்தது அவள் அண்ணனின் ஷூ. ஒரு சைஸ் பெரியது. அவள் சொந்தக் கால்விரல் நிச்சயம் கோட்டுக்கு வெளியேதான் இருந்திருக்கும். ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத அந்த ஷூவின் மூக்கு கோட்டின் மேல் இருந்தது. எறிகிறவளின் கால் கோட்டைத் தொட்டால் இரண்டு புள்ளிதான். ஷூவுக்குள் கால் எதுவரை இருக்கிறது என்று விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

வேறு யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தச் சத்தத்தில் சொல்லியிருக்க முடியாது. முதல் பாதியில் இந்தப் பெண்களிடமிருந்து நான் பிடுங்கிக் கொடுத்தது ஐந்து புள்ளி. ஒரே ஒரு புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன? கை மூன்று விரலைக் காட்டத் தயாராகவே இருந்தது. இரண்டாவது நடுவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று அசைக்கவும் இல்லை.

இரண்டு விரலைக் காட்டினேன்.

அடுத்த ஐந்து நிமிஷம் என் குடும்பத்தைப் பற்றி எனக்கே தெரியாத செய்திகளைக் கேட்டுக்கொண்டேன். என் தாயாரையும் என் கண்ணாடிக் கடைக்காரரையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து ஒருவர் திட்டினார், இலக்கணப் பிழையே இல்லை. ஒரு தேங்காய் மட்டை என் காதோரம் போனது. போட்டிச் செயலாளர் ஓடிவந்து, முன்பு சீக்கிரம் முடிக்கச் சொன்ன அதே வாயால், மூன்று என்றே வைத்துக்கொள்ளலாமே சார், ஊர்க்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்றார்.

ஜமீலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். கண் இன்னும் ஈரமாக இருந்தது.

“நீங்க பாத்தீங்களா சார்?”

“பாத்தேன். ஷூ கோட்டுல இருந்துச்சு.”

அவர் திரும்பி ரேவதியைப் பார்த்தார். ரேவதி தன் ஷூவைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள். ஜமீலாவுக்கு அது போதுமாக இருந்தது.

“சரி. சமம்தானே, தோக்கலையே. வாங்க எல்லாரும், தண்ணி குடிச்சுட்டு அஞ்சு நிமிஷம் ஆடிட்டு வந்துடலாம்” என்று பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் பாதியில் என்னிடம் அடி வாங்கிய அணி என் வார்த்தையை அப்படி நம்பியது. அதற்கு நான் லாயக்கானவனா என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை. கூட்டத்தைக் கோட்டுக்கு வெளியே தள்ளவே இரண்டு பேராசிரியர்களும் மூன்று தேங்காய் உரிப்பவர்களும் தேவைப்பட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஜவுளிக்கடைக்குப் போன் போட்டு, ரிப்பனை வேறு யாரையாவது வெட்டச் சொன்னார். அவருக்கும் ஆட்டம் பிடித்துவிட்டது.

கூடுதல் நேரம் ஐந்து நிமிஷம். மூன்றாவது நிமிஷத்தில் நிவேதா பந்தோடு தாண்டிப் போகும்போது சுகன்யா பின்னால் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சந்தேகமே இல்லாத ஃபவுல். ஊதினேன். ஐந்தாவது. அவள் பெஞ்சுக்கு நடந்தாள். நான் முதல் பாதியில் ஒழுங்காக ஊதியிருந்தால் அது அவளுக்கு மூன்றாவதாக இருந்திருக்கும். இதைத்தான் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்: தப்பு நடந்த இடத்தில் நின்றுவிடாது. அது கூடவே ஓடிவந்து, ஆளுக்கு மிகவும் தேவைப்படுகிற நேரம் பார்த்து உட்காரும்.

நிவேதா இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட்டாள். சென்னை ஒரு புள்ளி முன்னால்.

வலங்கைமான் பக்கம் நாலு பேர்தான் மிச்சம். சென்னைப் பயிற்சியாளர் கையை உயர்த்திக்கொண்டு மேஜைக்கு வந்தார். ஐந்து பேர் இல்லாத அணி ஆட முடியாது, ஆட்டம் எங்களுக்கு என்றார். செயலாளருக்கும் அது சரியாகப் பட்டது. மைக்கை எடுத்துவிட்டார். நான் மைக்கை வாங்கி மேஜையில் வைத்தேன். தொடங்கத்தான் ஐந்து பேர் வேண்டும். தொடங்கின ஆட்டத்தை இரண்டு பேர் இருக்கும்வரை ஆடலாம். முப்பது வருஷத்தில் அந்த விதி எனக்கு ஒருமுறைகூடத் தேவைப்பட்டதில்லை. ஆனால் தேவைப்படாத விதிகளையும் படித்து வைக்கிற வியாதி எனக்கு உண்டு. பயிற்சியாளர், புத்தகத்தில் காட்டுங்கள் என்றார். இரண்டாவது நடுவர் தன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கத்தையே திறந்து நீட்டினார். எனக்கு முன்பே தேடி வைத்துவிட்டார்.

நாலு பேர், ஐந்து பேருக்கு எதிராக. பெஞ்சில் சுகன்யா உட்காரவே இல்லை. இரண்டு பக்கமும் கூடை விழவில்லை. கடைசி அரை நிமிஷம். ஒரு புள்ளி முன்னால் இருந்த சென்னை கையில் பந்து. நிவேதா களைத்துப்போயிருந்தாள், ஆனாலும் இதோடு முடித்துவிடலாம் என்று உள்ளே பாய்ந்தாள். அவளுக்கு எதிரே வந்து நின்றது, அந்த ஆட்டத்தில் அதுவரை யார் குறுக்கேயும் நிற்காத ரேவதி. ஒல்லிக் குச்சி. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மோதல். ரேவதி ஒரு பக்கம், ஒரு ஷூ இன்னொரு பக்கம்.

விசில் ஊதியாயிற்று. எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள். நான் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: இவள் சட்டை நிறம் எனக்குத் தெரியாதிருந்தால் என்ன சொல்வேன்? இரண்டு காலும் தரையில், மார்பு நேர் எதிரே, நகரவில்லை. சார்ஜ். பந்து வலங்கைமானுக்கு.

பதினோரு நொடி. ரேவதி ஷூவை மாட்டிக்கொள்ள நேரம் கேட்டாள், கொடுத்தேன். அப்புறம் நாலு பேரும் பந்தை நெல் களத்தில் எப்படி ஆடுவார்களோ அப்படியே ஆடினார்கள். ஆறு பாஸ் எண்ணினேன். ஒருமுறைகூடப் பந்து தரையைத் தொடவில்லை. ஐந்து சென்னைப் பெண்களும் பந்துக்குப் பின்னால் ஒரு பக்கம் குவிந்துவிட, கூடைக்கு நேர் கீழே ரேவதி தனியாக நின்றாள். இந்த முறை பக்கத்தில் கோடே இல்லை. எம்பிப் போட்டாள். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தது. சைரன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. தேங்காய் உரிப்பவர்கள் ரேவதியைத் தூக்கிக்கொண்டு தோப்பு வரைக்கும் போய்விட்டார்கள். பரிசளிப்பு மேடையில் திரையை விலக்கியபோதுதான் தெரிந்தது, பின்னால் கட்டியிருந்த பேனரில் சென்னை அணியின் பெயரைப் போட்டு ‘வெற்றி வாகை சூடிய’ என்று காலையிலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். செயலாளர் அந்தப் பெயருக்கு மேல் ஒரு பொன்னாடையைத் தொங்கவிட்டார். பொன்னாடைக்கு அன்றைக்குத்தான் ஒரு உருப்படியான உபயோகம் கிடைத்தது.

நடுவர் ஆட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மரியாதை போய்விடுமாம். நான் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கேட்டேன். சுகன்யா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் என் தப்பு என்றேன்.

“தெரியும் சார்” என்றாள். பிறகு, “கடைசி ஃபவுல் நிஜம். நான்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன்” என்றாள். அதோடு கணக்கு முடிந்ததாக அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. எனக்கு முடியவில்லை. மன்னார்குடி பஸ் வந்ததும் ஏழு பேரும் ஜமீலாவும் ஏறிப் போனார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது.

சென்னைப் பயிற்சியாளர் சும்மா விடவில்லை. நடுவர் சின்ன அணிக்குச் சாதகமாக ஊதினார், நாலு பேரை ஆடவிட்டார், கடைசி சார்ஜ் பொய் என்று மூன்று பக்கத்துக்குப் புகார். அடுத்த மாதம் அவர்கள் இன்னொரு போட்டிக்குத் தஞ்சாவூர் வந்தபோது விசாரணையை வைத்துக்கொண்டார்கள். ஒரு பள்ளியின் ஓவிய அறை. கூடைப்பந்துக் கழக விசாரணைக் குழுத் தலைவர், இரண்டு உறுப்பினர்கள், நான், பயிற்சியாளர். சாட்சிக்கு நிவேதாவை அழைத்து வந்திருந்தார்.

தலைவர் என்னிடம், ஏதாவது தப்பு நடந்ததா என்று கேட்டார். நடந்தது என்றேன். பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் பாதியில் இரண்டு, இரண்டும் இவர்கள் அணிக்குச் சாதகமாக, அதனால் இவர்களுக்குக் கிடைத்தது ஐந்து புள்ளி என்றேன். தலைவர் காகிதத்தில் கழித்துப் பார்த்தார். அந்த ஐந்தை எடுத்துவிட்டால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்கே போயிருக்காது, முன்பே தோற்றிருப்பார்கள். புகாரை ஏற்றுக்கொண்டால் தோல்வி இன்னும் பெரிதாகிறது. இதை எப்படி எழுதுவது என்று அவர் பக்கத்து உறுப்பினரைக் கேட்டார். பக்கத்து உறுப்பினர் சுவரில் இருந்த மயில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சியாளர், அதெல்லாம் இவர் தப்பிக்கச் சொல்வது, என் பெண்ணைக் கேளுங்கள் என்றார். நிவேதா எழுந்து நின்றாள். அறையில் நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

“கடைசியில அந்தப் பொண்ணு நின்னுக்கிட்டுத்தான் இருந்தா சார். முதல் பாதியில மோதினேனே, அவளும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. சார் எனக்குக் குடுத்தாங்க, நான் வாங்கிக்கிட்டேன்.”

பயிற்சியாளர் மூன்று பக்கத்தையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த மடிப்பில் கோபம் இருந்தது, ஆனால் மடித்தார். தலைவர் பேனாவை மூடினார்.

வெளியே வராந்தாவில் நிவேதா எனக்காக நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அடுத்த வருஷமும் நீங்கதான் ஊதுவீங்களா சார்?”

ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, கூப்பிட்டால் வருவேன் என்றேன். ஏன் கேட்கிறாய் என்றேன்.

“இல்ல சார்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அப்ப இனிமே ஆளைச் சுத்தி ஓடப் பழகிக்கணும்.”